மர நிழலில் ஒரு புற்றரை

பாடசாலை மைதானத்தின் ஓரத்திலோ உங்கள் வீட்டு முற்றத்திலோ நிற்கும் பெரிய மரமொன்றின் அடியைச் சற்று உற்று நோக்குங்கள். வெயில் விழும் இடமெங்கும் பச்சைப் பசேலெனப் பரந்திருக்கும் அறுகு, மரத்தை நெருங்க நெருங்க ஐதாகிக்கொண்டே போய், அடிமரத்தருகே வெறும் மண்ணாகிவிடும். நாளாந்தம் காணும் காட்சி என்பதால் ஏன் இப்படி என்று நாம் கேட்பதில்லை. இந்தக் கல்லூரியில் படித்த காலத்தில் நானும் கேட்டதில்லை. திருமணத்தின் பின் இங்கிலாந்தில் குடியேறி, வீட்டின் பின்புறத்தில் நின்ற ஓர் ஓக் மரத்தடியில் புல் வளர்க்க முயன்று, இரண்டு முறை தோற்ற பின்னரே அக்கேள்வி எனக்குள் எழுந்தது.

குளிர் நாடுகளில் நிழலைத் தாங்கி வளரும் புல்லொன்றைப் பற்றியும், அதை வளர்த்துப் பேணும் முறை பற்றியும் இக்கட்டுரையில் எழுதுகிறேன். அப்புல் எமது நாட்டின் தாழ்நிலங்களில் வளராது. ஆனாலும் அது வாழும் முறையை விளங்கிக்கொண்டால், உயிரியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் ஒளித்தொகுப்பு ஒரு முற்றத்தில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதும் விளங்கும். நாளை உங்களில் சிலர் குளிர் நாடொன்றில் வீடும் தோட்டமும் அமைத்து வாழவும் கூடும். அவர்களுக்கு இது நேரடியாகவே பயன்படும்.

இரு வகைப் புற்கள்

உலகில் புற்றரைக்காக வளர்க்கப்படும் புற்களை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம். ஒன்று வெப்பகாலப் புற்கள். எமது அறுகு இவ்வகையைச் சேர்ந்தது. இவை ஏறக்குறைய 27 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் செழித்து வளரும். மற்றையது குளிர்காலப் புற்கள். இவற்றின் இலைகள் 15 முதல் 24 பாகை வரையிலும், வேர்கள் அதைவிடக் குளிர்ந்த மண்ணிலும் நன்கு வளரும். பெயரைக் கொண்டு இவை கடும் பனியில் வளர்பவை என எண்ணிவிடக் கூடாது. வசந்தமும் இலையுதிர்காலமுமே இவற்றின் வளர்ச்சிக் காலங்கள். கோடை வெப்பம் மிகுந்தால் இவை சோர்ந்துவிடும்.

இந்த வேறுபாட்டின் காரணம் இலைக்குள் இருக்கிறது. குளிர்காலப் புற்கள் சி-3 தாவரங்கள். இவற்றில் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்னும் நொதியம், வெப்பம் கூடும்போது தவறுதலாக ஒட்சிசனையும் பிடித்துவிடுகிறது. இதனால் ஏற்படும் ஒளிச்சுவாசத்தில், தாவரம் தயாரித்த உணவின் ஒரு பகுதி வீணாகிறது. அறுகு போன்ற சி-4 தாவரங்களோ காபனீரொட்சைட்டை முதலில் வேறொரு வழியாகப் பிடித்து, ருபிஸ்கோ இருக்கும் கலங்களில் செறிவாக்கிக் கொடுக்கின்றன. எனவே வெப்பத்திலும் இழப்பு இல்லை. ஆனால் அந்த மேலதிக வேலைக்கு மேலதிக சக்தி வேண்டும். அச்சக்தி சூரிய ஒளியிலிருந்தே வரவேண்டும். வெயில் தாராளமாகக் கிடைக்கும் வரை இச்செலவு பொருட்டல்ல. நிழலில் அதுவே சுமையாகிவிடுகிறது. அறுகு மரத்தடியை விட்டு விலகி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிழலில் நடப்பது என்ன?

நிழலில் ஒளி குறைகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒளியின் தன்மையும் அங்கே மாறுகிறது என்பது பலருக்குத் தெரியாது. மரத்தின் இலைகள் ஒளித்தொகுப்புக்கு வேண்டிய சிவப்பையும் நீலத்தையும் தாம் எடுத்துக்கொள்கின்றன. சிவப்புக்கு அடுத்துள்ள, எமது கண்ணுக்கு அரிதாகவே தென்படும் தூரச் சிவப்பு ஒளியை அவை கீழே விட்டுவிடுகின்றன. புல்லில் உள்ள பைற்றோக்குரோம் என்னும் நிறப்பொருள் இம்மாற்றத்தை உணர்கிறது. தன் தலைக்கு மேல் வேறொரு தாவரம் நிற்கிறது என்பதை இதன் மூலம் புல் அறிந்துகொள்கிறது என்று சொல்லலாம். உடனே அது ஒளியைத் தேடி உயர முயல்கிறது. இலை நீண்டு மெலிகிறது. பக்கக் கிளைகள் குறைகின்றன. வேருக்குச் செல்ல வேண்டிய காபோவைதரேற்று இலைக்கே செலவாகிவிடுவதால் வேர் ஆழமாக இறங்குவதில்லை. பார்ப்பதற்கு அப்புல் உயரமாக வளர்வது போலத் தோன்றும். உண்மையில் அது தன் சேமிப்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் ஒளியால் வரும் சிரமம். இதற்கு மேல் மரத்தின் வேர்கள் மண்ணிலுள்ள நீரையும் போசணையையும் பெருமளவு உறிஞ்சிக்கொள்கின்றன. சிறு மழை பெய்தால் பெரும் பகுதி மர இலைகளிலேயே தங்கி ஆவியாகிவிடும். காற்றோட்டம் குறைந்த இடமாயின் புல்லின் மேல் விழுந்த பனித்துளி நண்பகல் வரை உலராது. ஈரமான இலை பங்கசு நோய்களுக்கு இடங்கொடுக்கும். ஆகவே மரத்தடியில் வாழும் புல், குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துவதைப் போன்ற நிலையில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் இனிச் சொல்லப்போகும் பராமரிப்பு முறைகள் யாவும் இலகுவாக விளங்கும்.

நான் செய்த தவறுகள்

எங்கள் வீட்டுப் பின்புறத்து ஓக் மரத்துக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும் என்று அயலவர்கள் சொல்வார்கள். அதன் கீழே பாசியும் வெறும் மண்ணுமாக இருந்தது. முதல் வருடம் கடையில் கிடைத்த சாதாரணப் புல் விதையை வாங்கித் தூவினேன். அதில் பெரும்பாலும் இருந்தது ரைகிராஸ் என்னும் புல். உதைபந்தாட்டத் திடல்களுக்குப் பெயர் பெற்ற அது, மிதிபாட்டைத் தாங்கும், ஒரு வாரத்திலேயே முளைத்தும் விடும். எனக்கோ பெரும் மகிழ்ச்சி. ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும். அடுத்த வசந்தத்தில் பாதிப் புல் காணாமற் போயிருந்தது.

இரண்டாம் வருடம், புல்லுக்குக் கவனிப்புப் போதவில்லை என்று நினைத்தேன். நைதரசன் மிகுந்த பசளையைத் தாராளமாக இட்டேன். மாலைதோறும் நீர் ஊற்றினேன். நேர்த்தியாக இருக்க வேண்டுமென்று ஒட்ட வெட்டினேன். கோடை முடிவதற்குள் இலைகளில் மாவு தூவியது போல வெண்பூஞ்சணம் படிந்தது. பாசி முன்னரிலும் அதிகமாகப் பரவியது. பசளைக்கும் விதைக்கும் செலவழித்த பணம் போனதைவிட, அவ்வளவு பாடுபட்டும் பலனில்லையே என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அப்போதுதான், மரத்தையே வெட்டிவிடலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்பது கணவரின் நியாயம். தொலைபேசியில் உம்மாவிடம் இதைச் சொன்னேன். "புல்லுக்காக மரத்த வெட்டுறதா மகள்? புல் எங்கயும் முளைக்கும். இந்த மரம் இனி எப்ப முளைக்கிற?" என்று உம்மா கேட்டார். அக்கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அடுத்த வீட்டில், பூங்காவொன்றில் நீண்ட காலம் தோட்ட வேலை செய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஆலோசனை கேட்டேன். விதையைப் பற்றியோ பசளையைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. "இந்த இடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் வெயில் விழுகிறது?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வருடம் புல் வளர்க்க முயன்ற எனக்கு அது தெரியவில்லை.

முதலில் அளக்க வேண்டியது ஒளியை

வெயிலை அளக்கப் பெறுமதியான கருவி எதுவும் தேவையில்லை. முற்றத்தின் படமொன்றைத் தாளில் வரைந்து, காலை முதல் மாலை வரை மணிக்கொரு தடவை, எந்தெந்த இடத்தில் வெயில் விழுகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். எங்கள் பிள்ளைகள் யூன் மாதத்தின் ஒரு நாளில் இதைச் செய்தார்கள். அடிமரத்தருகே ஒரு மணித்தியாலமும் முழுதாக வெயில் விழவில்லை. கிளைகளின் நடுப்பகுதிக்குக் கீழே துண்டு துண்டாக மூன்று, நான்கு மணித்தியாலம் விழுந்தது. ஓரத்தில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் கிடைத்தது.

நாள் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய நான்கு மணித்தியால வெயிலோ, அல்லது இலைகளினூடே வடிந்து வரும் ஒளி நாள் முழுவதுமோ கிடைத்தால் நிழல் தாங்கும் குளிர்காலப் புல் வாழும். அதற்கும் மிகக் குறைவான இடத்தில் எந்தப் புல்லை விதைத்தாலும் நிலைக்காது. பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இலண்டனில் கோடையின் நடுவில் பகல் பதினாறு மணித்தியாலத்துக்கு மேல் நீளும். மாரியின் நடுவில் அது எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. அப்போது நண்பகலிலும் சூரியன் அடிவானிலிருந்து ஏறக்குறைய 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். வீட்டின் வடக்குப் புறத்தில் மாதக்கணக்கில் வெயிலே விழாமல் போவது இதனால்தான். உச்சி வெயிலுக்குப் பழகிய எமக்கு இது நினைத்துப் பார்க்கவே கடினம்.

அளந்து பார்த்த பின், மரத்தை வெட்டாமலே ஒளியைக் கூட்ட வழி இருப்பது தெரிந்தது. தாழ்ந்து தொங்கும் சில கிளைகளை மட்டும் நீக்கினால் காலையும் மாலையும் சாய்வாக வரும் வெயில் உள்ளே நுழையும். காற்றும் உலாவும். ஆனால் இங்கிலாந்தில் பல மரங்கள் உள்ளூராட்சி மன்றத்தின் பாதுகாப்புக் கட்டளைக்கு உட்பட்டவை. அவற்றின் கிளையை வெட்டவும் முன் அனுமதி வேண்டும். மீறினால் தண்டம் செலுத்த நேரிடும். நாங்கள் அனுமதி பெற்று, தொழில் தெரிந்தவரைக் கொண்டே அவ்வேலையைச் செய்வித்தோம்.

பெஸ்கியூ என்னும் புல்

அந்த முதியவர் பரிந்துரைத்தது பெஸ்கியூ. ஐரோப்பாவின் புல்வெளிகளிலும் கடலோர மணற்பாங்கான நிலங்களிலும் இயற்கையாக வளரும் புல் இது. ஸ்கொட்லாந்தின் பழைய கடலோரக் கோல்ப் திடல்கள், பசளையற்ற மணலில் வளர்ந்த இப்புல்லின் மீதே உருவானவை. இதன் இலை ஊசி போல மெல்லியது. இலை இரண்டாக மடிந்தே இருப்பதால் ஆவியுயிர்ப்பினால் இழக்கும் நீர் குறைவு. மெதுவாக வளர்வதால் அதற்கு வேண்டிய உணவும் குறைவு. குறைந்த வருமானத்தில் வாழத் தெரிந்த புல் என்று இதைச் சொல்லலாம்.

மெல்லிலைப் பெஸ்கியூவில் பல இனங்கள் உண்டு. படரும் செம்பெஸ்கியூ அவற்றில் ஒன்று. இலைமடலின் அடிப்பகுதி செந்நிறமாக இருப்பதால் அப்பெயர். நிலத்தடியில் வேர்த்தண்டுக்கிழங்குகளை ஓடவிட்டு வெறுமையான இடங்களைத் தானே நிரப்பிக்கொள்ளும். சூயிங்ஸ் பெஸ்கியூ படராமல் பற்றையாக, அடர்த்தியாக வளரும். நியூசிலாந்தில் இதன் விதையை விற்பனைக்குக் கொண்டுவந்த ஒருவரின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. வன்பெஸ்கியூ இவற்றைவிடவும் மெதுவாக வளரும், வரட்சியையும் தாங்கும். தனியொன்றை விதைப்பதைவிட இம்மூன்றையும் கலந்து விதைப்பது நல்லது. ஒன்றைத் தாக்கும் நோய் மற்றையதைத் தாக்காமல் விடலாம்.

இப்புல்லுக்கு இன்னும் இரண்டு சிறப்புகள் உண்டு. சில பெஸ்கியூ வகைகளின் வேர்கள் மெற்றா தைரோசின் என்னும் அமினோ அமிலத்தை மண்ணில் வெளிவிட்டு, அயலில் முளைக்கும் களைகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. வேறு சில வகைகளின் உள்ளே எபிக்குளோயே என்னும் பங்கசு தீங்கின்றி வாழ்ந்து, புல்லைத் தின்ன வரும் பூச்சிகளுக்குப் பிடிக்காத பொருள்களை உண்டாக்குகிறது. அதனால் நஞ்சு தெளிக்க வேண்டிய தேவை குறைகிறது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. பெஸ்கியூ தொடர்ச்சியான மிதிபாட்டைத் தாங்காது. நீர் தேங்கும் மண்ணை விரும்பாது. கடும் வெப்பத்தில் வாடிவிடும். நிழலோடு ஈரமும் மிகுந்த இடமாயின் போவா டிரிவியாலிஸ் என்னும் வேறொரு குளிர்காலப் புல்லே பொருத்தமானது. எங்கள் இடத்தில் ஓக் மரம் நீரை உறிஞ்சிக்கொள்வதால் நிழல் இருந்தும் மண் உலர்ந்தே காணப்பட்டது. பெஸ்கியூவுக்கு ஏற்றது இத்தகைய உலர் நிழல்தான்.

விதைக்கும் முறை

இங்கிலாந்தில் ஓகஸ்ட் கடைசியும் செப்டெம்பரும் விதைப்பதற்குச் சிறந்த காலம். மண்ணில் கோடையின் சூடு சற்று எஞ்சியிருக்கும். மழையும் வரத் தொடங்கும். இலையுதிர் மரத்தடியில் விதைப்பதாயின் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. விரைவில் மரம் இலைகளை உதிர்த்துவிடும். அதன் பின் ஏப்ரலில் புதுத் தளிர் விரியும் வரை வெயில் தடையின்றிக் கீழே விழும். இளம்புல் வேரூன்ற அந்த இடைவெளி உதவும்.

முதலில் பாசியையும் சருகையும் வாரி நீக்க வேண்டும். மரத்தடியில் ஆழமாகக் கொத்தக் கூடாது. மரத்தின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணிலேயே பரந்திருக்கின்றன. வாரியால் மேற்பரப்பைக் கீறிவிட்டு, மக்கிய சேதனப் பசளையை ஒரு சென்ரிமீற்றர் கனத்துக்கு மேற்படாமல் பரப்பினால் போதும். மண்ணைக் கொட்டி உயர்த்துவதும் ஆபத்து. வேருக்குக் காற்றுச் செல்வது தடைப்பட்டு மரம் நலிவடையும். சிறிது அமிலத்தன்மையுள்ள மண், அதாவது பீஎச் பெறுமானம் 5.5 முதல் 6.5 வரை உள்ள மண், இப்புல்லுக்கு உகந்தது. எனவே பாசியைக் கண்டவுடன் பரிசோதிக்காமல் சுண்ணாம்பு தூவுவது சரியல்ல.

ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 25 கிராம் விதை போதும். 20 சதுர மீற்றர் நிலத்துக்கு அரைக் கிலோ விதை வேண்டும். அதைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை நீளவாக்கிலும் மறு பாதியைக் குறுக்காகவும் தூவினால் சீராக விழும். பின் மெதுவாக வாரி, அரைச் சென்ரிமீற்றர் அளவு மண்ணால் மூடி, காலால் இலேசாக அழுத்த வேண்டும். பெஸ்கியூ விதை சேமிப்பில் விரைவாக முளைதிறனை இழந்துவிடும். ஆகவே அவ்வருடத்து விதையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

முளைக்க ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை செல்லும். அதுவரை மேல்மண் உலராதபடி நாளுக்கு ஓரிரு தடவை பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். அடிக்கடி நீர் ஊற்ற வேண்டிய காலம் இது ஒன்றுதான். இப்புல் அடர்த்தியாக மூடிக்கொள்ள ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். பொறுமை தேவை.

பேணும் முறை

வெட்டுதல். புல்லுக்கு உணவு தயாரிக்கும் இடம் இலை. ஒளி குறைந்த இடத்தில் இலையையும் குறைத்துவிட்டால் அது எதைக் கொண்டு வாழும்? எனவே நிழற்புல்லை 7 அல்லது 8 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குறையாமல் விட வேண்டும். ஒரு தடவையில் உயரத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. 10 சென்ரிமீற்றர் வளர்ந்தால் 7 சென்ரிமீற்றராக்கலாம். வெட்டும் அலகு கூராக இருக்க வேண்டும். மழுங்கிய அலகு இலையைக் கிழித்துவிடும். கிழிந்த நுனியினூடாக நோய் புகும். வெட்டிய சிறு துண்டுகளை அங்கேயே விட்டால் மக்கிப் பசளையாகும். மிதிபாடில்லாத இடத்தில் வருடத்துக்கு ஓரிரு தடவை மட்டும் வெட்டி மற்ற நாட்களில் வளர விடுவோரும் உள்ளனர். அப்போது புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அலை போலக் காட்சி தரும்.

பசளை. நான் அதிகம் தவறிய இடம் இது. நைதரசன் இலையை வளரத் தூண்டும். வளர்வதற்கு வேண்டிய காபோவைதரேற்று ஒளியிலிருந்து கிடைக்காதபோது, புல் தன் வேரிலுள்ள சேமிப்பை எடுத்துச் செலவழிக்கும். இலை பார்க்கக் கரும்பச்சையாக இருக்கும். ஆனால் மென்மையாகி நோய்க்கு இரையாகும். நிழற்பெஸ்கியூவுக்கு ஒரு சதுர மீற்றருக்கு வருடமொன்றுக்கு 5 கிராம் நைதரசன் போதும். பசளைப் பையில் நைதரசன் 10 சதவீதம் என்றிருந்தால், 50 கிராம் பசளையில் 5 கிராம் நைதரசன் உண்டு. அந்த 50 கிராமில் பாதியைச் செப்டெம்பரிலும், பாதியை மரம் தளிர்க்கும் முன் வசந்தத்திலும் இடலாம்.

நீர். வேரூன்றிய பின் நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். மேற்பரப்பு எப்போதும் ஈரமாக இருப்பதால் பாசியும் வளரும். மழையில்லாத காலத்தில் ஏழு அல்லது பத்து நாட்களுக்கு ஒரு முறை, 25 மில்லிமீற்றர் அளவுக்கு ஆழமாக நீர் விட வேண்டும். ஒரு சதுர மீற்றருக்கு இது 25 லீற்றர் ஆகும். நீர் தெளிக்கும் இடத்தில் வெற்றுத் தகரப் பேணியொன்றை வைத்து, அதில் 25 மில்லிமீற்றர் நிரம்பியதும் நிறுத்திவிடலாம். அதிகாலையில் ஊற்றினால் இலைகள் பகலில் உலர்ந்துவிடும். மாலையில் ஊற்றினால் இரவு முழுவதும் ஈரமாகவே இருக்கும். கடும் வரட்சியில் பெஸ்கியூ பழுப்பாகி உறங்கிவிடும். பெரும்பாலும் அது இறப்பதில்லை. மழை வந்ததும் மீண்டும் பசுமையாகும்.

சருகு. இலையுதிர்காலத்தில் வாரக்கணக்கில் சருகு மூடிக் கிடந்தால் புல்லுக்குக் கிடைக்கும் சொற்ப ஒளியும் இல்லாமற் போகும். வாரத்துக்கு ஒரு தடவையாவது வாரிவிட வேண்டும். வாரிய சருகைக் குவித்து மக்க விட்டால் அடுத்தடுத்த வருடங்களுக்கு அதுவே பசளை.

பாசி. பாசி புல்லைக் கொல்வதில்லை. புல் இறந்த இடத்தைத்தான் அது பிடித்துக்கொள்கிறது. நிழல், ஈரம், இறுகிய மண் ஆகிய காரணங்களைச் சீர்செய்யாமல் மருந்தடித்து அழித்தால் அது மீண்டும் வரும்.

எங்கே நிறுத்துவது?

இவ்வளவும் செய்தும் எங்கள் அடிமரத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒரு மீற்றர் வட்டத்தில் புல் வளரவில்லை. வளராது என்று பிள்ளைகள் வரைந்த படமே முன்னர் சொல்லியிருந்தது. அந்த வட்டத்தில் மரச்சீவல்களைப் பரப்பிவிட்டோம். சீவல்கள் அடிமரத்தைத் தொடாதபடி சற்று இடைவெளி விட்டோம். பெஸ்கியூ மிதிபாட்டைத் தாங்காது என்பதால் நடைபாதைக்குத் தட்டையான கற்களைப் பதித்தோம். பந்து விளையாட்டு வெயில் விழும் மறு புறத்துக்குப் போனது. அங்கே இருப்பது பழைய ரைகிராஸ்தான். அதற்குரிய இடத்தில் அது நன்றாகவே வளர்கிறது.

இப்போது அவ்விடத்தில் மென்மையான, மெல்லிலைப் புல் நிற்கிறது. படங்களில் காணும் பச்சைக் கம்பளம் போல அது இல்லை. அங்கங்கே ஐதாகவும் இருக்கும். ஆனால் தொடர்ந்து நான்கு குளிர்காலங்களைக் கடந்துவிட்டது. நாங்கள் அதற்குச் செலவிடும் நீரும் பசளையும் நேரமும் முன்னர் செலவிட்டதில் பாதி கூட இல்லை. சென்ற கோடையில் எங்களைப் பார்க்க வந்த உம்மா, மாலை வேளைகளில் அந்த ஓக் மரத்தடியில்தான் கதிரை போட்டு அமர்ந்திருந்தார்.

அன்பின் மாணவிகளே, பெற்றோர்களே! வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் இப்புல்லின் விதையைக் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். எமது தாழ்நில வெப்பத்தில் அது தாக்குப்பிடிக்காது. அத்துடன் விதைகளை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவருவது தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் மாறானது. அதற்குப் பதிலாக ஒரு சிறு பரிசோதனையைச் செய்து பாருங்கள். முற்றத்துப் புல்லின் ஒரு பகுதியை ஓட்டையில்லாத கூடையொன்றால் ஒரு வாரம் மூடி வையுங்கள். திறந்து பார்க்கும்போது புல் வெளிறி, நீண்டு, மெலிந்திருக்கும். நிழலில் புல் படும் பாட்டை அது உங்களுக்குக் காட்டும். பின்னர் கல்லூரி வளவில் மரத்தடி ஒன்றைத் தெரிவு செய்து, மணிக்கொரு தடவை வெயிலைக் குறித்துப் படம் வரையுங்கள். அந்த இடத்தில் எதை நடலாம், எதை நடக் கூடாது என்பதை அந்தப் படத்தைக் கொண்டு நீங்களே தீர்மானிக்கலாம். நான் இரண்டு வருடம் வீணாக்கிய பின் செய்த வேலையை நீங்கள் முதல் நாளிலேயே செய்துவிடலாம்.